கொழுந்து கிள்ளிய கை

இன்று முன்னால் போன லாரியிலிருந்து வந்த காப்பிப் பழத்தோலின் புளித்த வாசம், இப்போது சொகுசு விடுதியாகிவிட்ட கொட்டச்சேட்டு எஸ்டேட்டுக்கு, பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே அம்மா பழம் பறித்த காலைகளுக்கு, என்னைக் கொண்டுபோய் விட்டது. இலங்கைச் சண்டை ஓயாமல் நீண்ட அந்த வருடங்களில், அங்கிருந்த தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டு எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தவள் செல்வமணியக்கா. முதல் நாள் அவள் பையைக் கவிழ்த்தால் பழத்தைவிடக் காப்பிச்செடியின் நுனிக் கொழுந்துதான் அதிகம்.

“ஏனுங்க, தளிரைக் கிள்ளுனா செடி என்னத்துக்குங்க ஆகும்? நாளைக்கும் இப்படின்னா வேலை கெடையாதுங்க” என்றார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்.

“பொறந்ததுலருந்து கொழுந்து எடுத்த கை ஐயா, தானாப் போகுது. நாளைக்கு வந்து பாருங்க” என்று சிரித்தாள்.

மறுநாள் அவள் பையில் ஒரு இலைகூட இல்லை. ஒரு வாரத்தில், சிவந்த பழத்தை மட்டும் தேடி இரண்டு கையும் பறக்க, எல்லாருக்கும் முன்னால் போனாள்.

“ஏங் கண்ணு, உங்க தோட்டத்துல இப்ப ஆருதான் கொழுந்து எடுக்கறாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“ஆளு எங்க இருக்கு? கிள்ள ஆளில்லாம செடியெல்லாம் இந்நேரம் மரமா வளந்து நிக்கும்” என்றாள் அக்கா, கையை நிறுத்தாமல்.