புழுக்கை நோட்டு

எங்கள் கல்லூரி விலங்கியல் பேராசிரியை தன் மகளுக்காக இரண்டு கினிப்பன்றிகள் வளர்த்தார். ஒரு வாரம் வெளியூர் போனபோது அவற்றை என்னிடம் ஒப்படைத்தார். வகுப்பில் அத்தனை பேர் இருக்க, என்னிடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "கோட்டாவுல வந்ததுங்க" என்று என் காதுபடப் பேசியவர்கள் பார்த்திருக்க, அந்தக் கூண்டோடு ஊருக்குப் போகக் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினேன். இரண்டையும் உயிரோடு திருப்பித் தந்தாக வேண்டும். பரீட்சைகூட எனக்கு அவ்வளவு பெரிதில்லை.

"அதுங்க வலிச்சாலும் கத்தாது. புழுக்கையைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நடுவில் தடுப்பு வைத்த கூண்டு. தினமும் காலையில் பெருக்கி, இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ணி, பருமன், ஈரம், நிறம் எல்லாம் நோட்டில் எழுதுவேன். வேப்பங்கொட்டை அளவில் ஒன்றுபோல் இருந்தால் நலம்.

"சாணி வாரச் சொன்னா மூஞ்சத் திருப்பிக்குவ. இத மட்டும் எண்ணிக்கினு குந்திக்கினு கீற" என்றாள் அம்மா.

அப்போது எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. அப்பாவும் அங்கேதான் இருந்தார்.

நான்காம் நாள் பழுப்புக் கினிப்பன்றியின் புழுக்கை மிளகளவுக்குச் சிறுத்துவிட்டது.

"வயிறு கட்டிக்கிச்சி. கன்னுக்குட்டிக்கி வயிறு உப்பினா ஒரு நாளு தழ காட்டமாட்டோம் இல்ல, அதுமாரி பட்டினி போடு" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் பிள்ளைக்கும் கன்றுக்கும் அதுதான் வைத்தியம். ஓயாமல் தின்னும் பிராணி இது என்று அந்தக் குடலைப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனாலும் புல்லை எடுத்துவிட்டேன். 'தீனி நிறுத்தப்பட்டது' என்று நோட்டில் அழகாக எழுதினேன்.

மறுநாள் காலை எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. வயிறு கல்லாக இருந்தது. அதைக் கூடையில் வைத்து அப்பாவின் சைக்கிளில் கிளம்பினேன். மரத்தருகே ஆட்கள் மறித்தார்கள்.

"இன்னாம்மா கூடையில, மொசலா?"

"கினிப்பன்றி. மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன்."

"எலிமாரி கீது, பன்னியாம்! எங்க வூட்டு எலிக்கும் சேத்து ஒரு ஊசி போட்டுக்கினு வாம்மா!"

அப்பா எழுந்து வந்தார். "வழி வுடுங்கப்பா, பாப்பா படிப்பு சமாச்சாரம்" என்றார். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி மரத்துக்கு அந்தப்புறம் வைத்தார். கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி இறங்கிக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கிப் படித்தார்.

"தீனிய நிறுத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"என்ன படிக்கிற?"

"விலங்கியல்."

அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. "தீனி போய்க்கினே இருந்தாதாம்மா இதுக்குக் குடல் ஓடும். நின்னுபோனா ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றார். வாயில் மருந்து விட்டுப் பார்த்தார். திரும்பும் வழியில் அது செத்துப்போனது. மறியல் மரத்துக்குப் பக்கத்தில் அப்பாதான் குழி தோண்டினார்.

"நீ இன்னா பண்ணுவ பாப்பா" என்றார்.

பேராசிரியை கேட்டபோது, "மறியல் மேடம். மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக முடியல" என்றேன்.

"காட்டுமிராண்டிப் பசங்க! நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றார் அவரும்.

நான் தலையாட்டினேன். நோட்டைக் கொடுக்கும் முன்பே நான்காம் நாள் தாளைக் கிழித்திருந்தேன்.

பிற்பாடு அந்தத் தனி ஒதுக்கீடு வந்தது. மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்ததும் அதில்தான். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர் அப்பா. அந்த நோட்டை, எப்படிக் கவனித்து எழுத வேண்டும் என்பதற்கு உதாரணமாகப் பேராசிரியை இன்னும் ஜூனியர்களிடம் காட்டுகிறார். ஒரு நாள் குறைவதை அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.