நியாலாஸ் தோட்டத்தில் ‘லோக்கல்’ மாத்திரை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை நான் மலாக்கா மாநிலத்து நியாலாஸ் பக்கம் போனது சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்த என் அக்கா சரசு போன் செய்திருந்தாள். “மாமா வேர்த்து வேர்த்து மயங்குறாரு. நீ மருந்து பேக்டரியிலதானே இருக்க, வந்து பாருடி.” மாமா என்றால் அவள் கணவர் ராமையா, இனிப்புநீர்க்காரர், அதாவது சர்க்கரை நோயாளி. நான் ஷா ஆலமில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். காப்புரிமை முடிந்த வெளிநாட்டு மருந்துகளை இங்கேயே மலிவாகச் செய்யும் தொழில் அப்போது ஓகோவென்று வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு மாத்திரை கரைய வேண்டிய நேரத்தில் கரையாவிட்டால் மொத்தத்தையும் நிறுத்திவைக்கிற ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புடுராயா பஸ் நிலையத்தில் காலை எட்டு மணி பஸ். மலாக்காவுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஆறு வெள்ளி எண்பது காசு. (அன்றைய விலை, இதை நம்பி இன்று கிளம்பிவிடாதீர்கள்.) ஏர்கோன் குளிரில் பல் கிட்டிவிடும், ஒரு தடித்த சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலாக்காவில் இறங்கி ஜாசினுக்கு இன்னொரு பஸ். ஜாசினில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும் என்று டாக்சி எடுத்தேன்.

டிரைவர் நம்மவர், ஐம்பதைத் தாண்டியவர். என் வேலையைக் கேட்டதும் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

“பிரஷர் மாத்திரை, தங்கச்சி. கிளினிக்ல இப்ப லோக்கல்தான் குடுக்குறான். லோக்கல்னா பவர் கம்மிலா. அதான் ரெண்டா போட்டுக்குவேன்.”

“ஐயோ அண்ணே, வெளிநாட்டுதுக்கும் லோக்கலுக்கும் ஒரே பவர்தான். ஒண்ணுதான் போடணும்.”

“லோக்கல் டயரு எத்தன நாளு தாங்கும்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவும் இதைத்தான் செய்கிறாரோ என்று டிரைவரை வேகமாகப் போகச் சொன்னேன். வழியெல்லாம் செம்பனை மரங்கள், மழைக்குள் கறுத்து நின்றன.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் மாமா நாற்காலியில் சரிந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. சீனி போட்ட கோப்பி கொண்டுவரச் சொன்னேன். “இனிப்புநீர்க்காரருக்குச் சீனியா?” என்று அக்கா பதறினாள். “குடு அக்கா!” என்று கத்திவிட்டேன். கால் மணி நேரத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் கேட்டேன், மாத்திரை எப்படிப் போடுகிறார் என்று.

“முன்ன வெள்ள மாத்திரை, வெளிநாட்டுது. இப்ப நீலத்துல லோக்கலு. அதான் ரெண்டு.”

நிறம் வெறும் சாயம், உள்ளே இருக்கும் மருந்து அதே அளவுதான், இரண்டு போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி ஆளையே சாய்த்துவிடும் என்று மன்றாடினேன்.

“ஒன் பேக்டரி சரக்க நீயே கொற சொல்லுவியா, விமலா?” என்றார் மாமா.

அது எங்கள் தொழிற்சாலை மாத்திரையே இல்லை. சொல்லிப் பார்த்தேன், அவருக்கு லோக்கல் எல்லாம் ஒன்றுதான். நான் கிளம்பும்போது, “சரி, ஒண்ணே போடுறேன் போ” என்றார். என் மனம் ஆற வேண்டும் என்பதற்காகச் சொன்னார் என்று அப்போதே தெரிந்தது.

மூன்றாம் வாரம் தோட்டத்துச் சாலையோரம் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். சர்க்கரை இறங்கி நெடுநேரம் ஆகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கண் விழிக்காமலே போய்விட்டார். ஒன்று போதாது என்று பயந்து மறுபடி இரண்டாகவே போட்டுவந்தாராம், அக்கா அழுதுகொண்டே சொன்னாள். பந்தலுக்கடியில் இருந்தவர்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் நிற்கிறது: “லோக்கல் மருந்து ஆளக் கொன்னுருச்சுலா.” எனக்கு ஆத்திரம் பொங்கியது. மருந்தில் ஒரு குறையும் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் யாரிடம் சொல்வது? சிலர் வீட்டிலிருந்த மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கால்வாயில் கொட்டினார்கள்.

இந்தப் பக்கம் உறவுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். மருந்துப் பையை எடுத்துவரச் சொல்லி, எதை எத்தனை போடுகிறார்கள் என்று கேளுங்கள். நிறமோ கம்பெனியோ மாறியிருந்தால் கிளினிக்கில் கேட்காமல் அளவைக் கூட்டவோ குறைக்கவோ விடாதீர்கள். பொறுமையாகப் பேசி, உண்மையை விளக்குங்கள்.

விளக்கலாம். நானும் கருமாதிக்குப் போனபோது அந்த எண்ணத்தோடுதான் போனேன். மாமா போன பிறகு அக்கா தன் பிரஷர் மாத்திரையைத் தொடவே இல்லை. தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பையைத் திறந்து பார்த்தேன். மாத்திரையின் மேல் எங்கள் தொழிற்சாலை முத்திரை. நானே சோதித்து அனுப்பியதாகக்கூட இருக்கலாம். ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“இதுவும் லோக்கலா?”

“இல்லக்கா. ஒரிஜினல், வெளிநாட்டுது.”

“அப்ப ஒண்ணு போதும்ல?” என்று கேட்டு, விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.