ஃப்ளாஷ் அக்கா படகேறிய நாள்

கேளிக்கைப் பூங்காவில் அவளுக்கு ஃப்ளாஷ் அக்கா என்றுதான் பெயர். இருட்டுக் குகைக்குள் போகும் படகுச் சவாரியின் வாசலில் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுப் பாடுவாள். “உள்ள ஃபோட்டோ எடுங்க, வேண்டாங்கல. ஃப்ளாஷ் மட்டும் போடாதீங்க. பக்கத்துல இருக்கிறவங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்காங்க.” மீறினால் போச்சு, வாசலில் இருக்கும் கேமராத் திரையில் பார்த்து ஸ்பீக்கரில் மானத்தை வாங்கிவிடுவாள். “மஞ்சச் சட்டை அண்ணா, நீங்க எடுத்தது வெறும் பாறை. அணைச்சிடுங்க.” படகே சிரிக்கும். அவள் வாய்க்கு மேனேஜரே ஒதுங்கிப் போவார்.

அவள் அப்படிக் கத்தியதில் தப்பே இல்லை. குகையின் கூரையில் மினுக்கும் அத்தனை நட்சத்திரமும் அவள் வீட்டுக்காரர் கைவேலை. அவர் எலெக்ட்ரீஷியன். பூங்கா திறப்பதற்கு முன்னால், கல்யாணமான புதுசில், அவர் ஏணிமேல் நிற்பார், இவள் கீழே பல்பு டப்பாவோடு நிற்பாள். “இங்க ஒண்ணு வைக்கட்டுமா?” என்று ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்பார். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படிதான் வைப்பார், அது வேறு விஷயம். மதியம், இன்னும் தண்ணீர் விடாத கால்வாயில் நின்ற படகில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். என்ன நாட்கள் அவை! பிறகு அவளுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. எவனாவது ஃப்ளாஷ் அடித்தால், தன் வீட்டு விளக்கை ஊதி அணைத்ததுபோல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவர் கண்கள் மங்கிவிட்டன. மங்கலான வெளிச்சத்தில் எதுவுமே தெரியாது. பகல் பார்வையும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்தக் கூரையை ஒரு தடவை பார்த்துடறேம்மா.”

லீவு போட்டுவிட்டு, வாசலில் தன் இடத்தில் வேறொருத்தியை நிற்கவைத்து, அவர் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். ஏறியவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். பாவம், எல்லோரும் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு நல்ல இருட்டு அந்தக் குகைக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

படகு உள்ளே நுழைந்தது. தலைக்கு மேல் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன.

“தெரியுதாங்க?”

“இல்லையே.”

“நேரா மேல பாருங்க.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுமே இல்லம்மா. விடு, போனாப் போகுது.”

குகை முடிய இன்னும் ஒரு வளைவுதான் பாக்கி. பின்பக்கம் திரும்பினாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் ஃபோனை எடுத்து மேல பார்த்து ஃப்ளாஷ் அடிக்கிறீங்களா? உங்களுக்கு நட்சத்திரம் தெரியாது, கெட்டுப்போயிடும்.”

பின் இருக்கையில் குழந்தையோடு இருந்த பெண்தான் முதலில் பேசினாள். “அடிக்கிறோம்க்கா. நாங்க இன்னொரு தடவை வந்து பார்த்துக்கிறோம்.”

படீர் படீரென்று வெளிச்சம் அடித்தது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. கறுப்புச் சாயம் அடித்த சிமெண்டுக் கூரை, ஆணிகள், துளைகள், குறுக்கும் நெடுக்குமாக வயர்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

“அட, அந்தத் துளையக் கோணலாப் போட்டிருக்கேன் பாரு,” என்றார் அவர். “இந்த ஓரத்துலதான் ஏணி ஆடுதுன்னு நீ அழுத.”

விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் கூரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. வாசலில் நின்றவள் அதட்டினாள். “படகுல யாரு அது? உடனே ஃப்ளாஷை அணைங்க.”

எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். இருட்டில் அவர் அவள் தோளைத் தட்டினார்.

“இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லும்மா.”