தகவல் இல்லாத ஏழு வருஷம்

சென்னையில் சட்ட மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் கப்பல்களின் தேசியம். ஒரு கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறதோ, நடுக்கடலில் அந்த நாட்டுச் சட்டம்தான் அதன்மேல் செல்லும். கட்டணம் குறைவு, கேள்வி குறைவு என்பதற்காக ஒரு நாட்டில் பதிவு செய்துவிட்டு, வேறொரு நாட்டில் உட்கார்ந்து கப்பல் ஓட்டுகிறவர்களை என்ன செய்வது என்பது எழுபதுகளின் கடைசியில் பெரிய விவாதமாக இருந்தது. ஐரோப்பியத் துறைமுக நாடுகளில் அதைப் பற்றி நிறைய எழுதினார்கள். என் பேராசிரியர் அந்தக் கட்டுரைகளையெல்லாம் வரவழைத்து வைத்திருந்தார். "இங்கே யாரும் இதைத் தொடவில்லை, நீ எடு" என்றார். எடுத்தேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் நான் கடலையே பார்த்திருந்தேன்.

எங்கள் ஊர் எருமப்பட்டிப் பக்கம். வெங்காயமும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். அக்காவை இரண்டு ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவருக்குக் காட்டு வேலை ஒட்டவில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் டீசல் இன்ஜின் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அங்கே பழக்கமான ஒருவர் மூலம் பம்பாய் ஏஜென்டைப் பிடித்து, கப்பலில் பிட்டராகச் சேர்ந்தார். ஒரு தடவை போய் நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் இரண்டாம் தடவை கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மிணி கப்பலப் பத்தித்தான் படிக்கிறியாமா. எங்க கப்பல் எந்த நாட்டுதுன்னு சொல்லு பாக்கலாம்."

"பின்னாடி எழுதியிருக்குமே மச்சான்."

"எழுதியிருக்குது. அந்த ஊர எங்கள்ல ஒருத்தனும் பாத்ததில்ல. கேப்டனே பாத்ததில்லயாமா."

பொங்கல் விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது அக்கா வீட்டுக்குத் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கப்பலுடன் தொடர்பு அறுந்துவிட்டது, தேடுகிறார்கள், விவரம் பின்னால் வரும் என்று இருந்தது. நான் படித்துச் சொன்னதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மச்சானின் அம்மாவை நான் அத்தை என்பேன். அவர்தான் பேசினார்.

"செத்துட்டான்னு போட்டிருக்குதா?"

"இல்லீங்கத்தை."

"அப்பறமென்ன" என்று சொல்லிவிட்டு எருமை கறக்கப் போய்விட்டார்.

விவரம் பின்னாலும் வரவில்லை. ஸ்பெயினுக்கு வடக்கே புயலில், இரும்புத் தாது ஏற்றிப் போன அந்தக் கப்பல் மூழ்கியிருக்கலாம் என்றும் ஒரு படகு காலியாக மிதந்தது என்றும் சென்னையில் ஒரு பழைய பேப்பரில் தேடிப் படித்தேன். அப்பாவும் நானும் பம்பாய்க்குப் போனோம். ஏஜென்டின் ஆபீஸ் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஆள் அனுப்புவது மட்டும்தான் தன் வேலை என்றார் அவர். முதலாளி கிரேக்க நாட்டில் இருக்கிறார், அவர் கம்பெனிக்கு இருந்தது அந்த ஒரு கப்பல்தான், இப்போது கம்பெனியும் இல்லை என்றார். கொடிக்கு உரிய நாட்டுக்குப் பம்பாயில் பிரதிநிதியாக இருந்தவர் ஒரு ஜவுளி வியாபாரி. டீ வாங்கிக் கொடுத்தார். காகிதங்களில் முத்திரை வைப்பதற்கு மேல் தனக்கு அதிகாரம் கிடையாது என்று சொன்னார்.

அன்றைக்கு லாட்ஜ் அறையில் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப யாரத்தான் கேக்கறது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பதிவு ஒரு நாட்டில். முதலாளி ஒரு நாட்டில். இன்சூரன்ஸ் லண்டனில். சரக்கு போகவேண்டியது ஜெர்மனிக்கு.

"இத்தன நாடு இருந்து ஒருத்தனும் பொறுப்பில்லயா? நீ படிக்கறது இதுதான சாமி?"

"ஆமாங்கப்பா. சட்டப்படி கொடி நாடுதானுங்க விசாரிக்கோணும். விசாரிச்சு, இன்னின்னார் செத்துட்டாங்கன்னு எழுதிக் குடுக்கோணும்."

"அதுங்க விசாரிக்காட்டி?"

அதற்குப் பதில் நான் படித்த எதிலும் இல்லை. கப்பலுக்கும் கொடிக்கும் மெய்யான தொடர்பு இருக்கவேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. இல்லாவிட்டால் என்ன என்று அது சொல்லவில்லை. ஐரோப்பிய நாடுகள் எந்த வழக்கை எந்த நாட்டுக் கோர்ட்டில் போடலாம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்திருந்தன. பேராசிரியர் ஒரு சாயங்காலம் முழுக்க அதை எனக்கு விளக்கினார். பிரதிவாதி குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடவேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் பிரதிவாதிக்கு ஊர் இருந்தது, கம்பெனி இல்லை. கொடி நாட்டுக்கு நான் எழுதினேன். கல்லூரியின் பெயரில் பேராசிரியரும் எழுதினார். பதிலே வரவில்லை. "உன் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது" என்று ஒருநாள் சொன்னவர், சொன்னதும் முகம் மாறிப்போய், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதான். பெயர் போடாமல் அதை ஒரு அத்தியாயமாக எழுதி முடித்தேன். பட்டமும் கிடைத்தது.

அக்கா மாமியார் வீட்டிலேயே இருந்தாள். களை வெட்டினாள், வெங்காயம் அறுத்தாள், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டோடு வருகிற பெண்கள் அவளுக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் தயங்குவார்கள். நீட்டினாலும் தப்பு, நீட்டாவிட்டாலும் தப்பு. அந்தச் சங்கடத்தை அவர்களுக்கு வைக்காமல் அவள் தானே முன்கூட்டி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாள். அத்தை மட்டும் கொஞ்சமும் அசையவில்லை. வேறு கப்பல்காரர்கள் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள், ஏதாவது ஊரில் ஜெயிலில் வைத்திருப்பார்கள், பாஷை தெரியாமல் விழிக்கிறான் என்பார். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும், பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வருவார்.

மச்சானின் தம்பிக்கு ரிக் வண்டி வாங்கும் எண்ணம் வந்தது அப்புறம்தான். ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டுச் சம்பாதித்தவர்களை அவர் பார்த்திருந்தார். நிலம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. அண்ணன் கையெழுத்தோ, அண்ணன் இறந்ததற்குச் சான்றோ இல்லாமல் பேங்கில் கடன் கிடைக்காது. அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங் அம்மிணி, சட்டத்துல எதாச்சும் வழி இருக்குதுங்களா? அண்ணன் போயி ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க."

இருந்தது. உயிரோடு இருந்தால் யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால், அந்த ஆள் இறந்ததாகக் கோர்ட் கொள்ளலாம். கடல் கடந்த சட்டமெல்லாம் கைவிட்ட இடத்தில் நம்மூர்ச் சாட்சியச் சட்டம் இதைத்தான் வைத்திருந்தது. அக்கா முடிவு செய்யட்டும் என்றேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"புள்ளைக்குப் பங்கு வருமா?"

"வரும்க்கா."

"செத்துட்டாருன்னு என் வாயால சொல்லோணுமா?"

"வேண்டாம். தகவல் இல்லைன்னு சொன்னாப் போதும்."

"செரி. அப்பச் சொல்றேன்."

நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடந்தது. அக்கா கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் "இல்லீங்க" என்றாள். குரல் உடையவில்லை. அடுத்து அத்தை. பெற்ற தாயைவிடத் தகவல் வந்திருக்க வேண்டியவர் யார்? அவர் சாட்சியில்லாமல் முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். சின்ன மகன் ஒரு வாரம் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தை சத்தியம் செய்தார்.

"உங்க பையன்கிட்டருந்து கடுதாசி, தந்தி, வேற ஆள் மூலமா சேதி, ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க."

"அவ்வளவுதானுங்க. எறங்கலாம்."

அத்தை இறங்கவில்லை. மேலே நீதிபதியைப் பார்த்தார்.

"சேதி இல்லீங்க சாமி. ஆனா எம் பையன் இருக்கறானுங்க. சேதி வல்லீன்னாச் செத்துட்டான்னு ஆகுமுங்களா? நானும் இந்த ஏழு வருசமா அவனுக்கு ஒண்ணும் சேதி சொல்லி அனுப்பலீங்க. நான் செத்தா போயிட்டேன்?"

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "நீங்க நம்பறது வேறம்மா, தகவல் வேற" என்று மெதுவாகச் சொன்னார். முதல் பதிலை மட்டும் பதிவு செய்யச் சொன்னார். அக்கா என் பக்கத்தில் இருந்தாள். அத்தை கூண்டிலிருந்து இறங்கி வந்தபோது எழுந்து இடம் விட்டாள். திரும்பும் பஸ்ஸில் அத்தை முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். ஊர் வந்ததும் யாரையும் பார்க்காமல் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு அவர் அக்காவிடம் பேசவில்லை.

தீர்ப்பு சாதகமாக வந்தது. சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் காலையில் அக்கா தானே தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அத்தை அதைப் பார்த்துவிட்டு வெளியே போனார். அன்றைக்கே தனி அடுப்புப் போட்டுக்கொண்டார்.

ஆடி அமாவாசைக்கு மோகனூரில் காவிரிக்குப் போனோம். திதி என்ன என்று அய்யர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"தீர்ப்புல நாள் போட்டிருக்குதா?"

"இல்லக்கா. செத்துட்டாருன்னு மட்டுந்தான். என்னிக்குன்னு அதுல வராது."

"அந்தக் கொடி நாட்டுக்காரங்க விசாரிச்சிருந்தா?"

"வந்திருக்கும்."

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் என்று அய்யரே சொல்லிவிட்டு ஆரம்பித்தார். மச்சானின் தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்தார். அந்த வருஷக் கடைசியில் அவர் ரிக்கோடு வடக்கே போனார். அக்கா மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். விதவைகளுக்கு முன்னுரிமை என்று சத்துணவு மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சான்றுக்காகப் போன தாலுகா ஆபீசில் கணவர் இறந்த தேதி கேட்டார்கள். நகலைப் புரட்டிப் பார்த்த கிளார்க், தீர்ப்புச் சொன்ன தேதியையே எழுதிக்கொண்டார். அக்கா வாங்கி மடித்துக்கொண்டாள்.

மகள் மட்டும் லீவு நாட்களில் பாட்டியைப் பார்க்கப் போவாள். அத்தை அவளுக்குச் சோறு போட்டு, பை நிறைய வெங்காயம் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அப்பனைப் பற்றி மட்டும், அவன் எப்படி நடப்பான், எதை விரும்பிச் சாப்பிடுவான் என்று, இன்றைக்கும் பட்டறைக்குப் போய்விட்டு வரப்போகிறவனைச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டிருப்பாராம்.