கச்சான் அசைத்த பந்து

நின்றுகொண்டிருக்கும் பந்தைக் காற்று அசைத்தால் தண்டனை இல்லை. அது போய் நின்ற இடத்திலிருந்து அடிக்கலாம். ஆட்டக்காரர் அடிக்கத் தயாராகி, மட்டையைப் பந்துக்குப் பின்னால் நிலத்தில் ஊன்றியிருந்தால் மட்டும் ஓர் அடி தண்டனை. எங்கள் ஊரில் யுத்தம் நடந்த காலத்துக் கோல்ப் விதி இது. எனக்கு மனப்பாடம்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி வெள்ளைக்காரன் விட்டுப்போன மைதானம் ஒன்று இருந்தது. காற்றில்லாத காலையில் அங்கே எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழுந்தால் அதே மைதானம் ஆளை அழவைக்கும். அப்படி ஒரு கச்சான் நாளில்தான் இறுதிப் போட்டி. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் உத்தியோகத்தனான நான் நடுவர்.

மூதூர்க்காரரான என் நண்பர், துறைமுகப் பொறியியலாளர், ஓர் அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார். காற்றுக்குக் கீழால் பந்தைத் தாழ்வாக ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெல்பவரை நுவரெலியாவில் விளையாட அனுப்புவார்கள். யுத்தத்தில் எளிதில் கிடைக்காத பாதை அனுமதியும் வாகனமும் கிடைக்கும். அவருக்கு நுவரெலியா முக்கியமில்லை. வழியில், கண்டியில் படிக்கும் மகளைப் பார்க்கலாம். பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

கடைசிக் குழியருகே அவர் குனிந்தார். காற்று மணலை வாரி என் கண்ணில் அடித்தது. கசக்கித் திறந்தபோது பந்து ஒரு முழம் நகர்ந்திருந்தது.

"ஓர் அடி தண்டனை" என்றேன்.

"மச்சான், கச்சானுக்குள்ள மட்டையை நிலத்தில வைக்க எனக்கென்ன விசரா? தூக்கித்தான் பிடிச்சிருந்தனான். நீ கண்டனியா?"

"ஆட்சேபனை இருந்தால் எழுத்தில தாங்கோ."

அதற்கு முன் நான் அவரை 'நீ' என்றுதான் அழைப்பேன்; 'தாங்கோ' என்று மரியாதை போட்டதே இல்லை.

"ஓம் ஐயா, மூண்டு பிரதியில தாறன்" என்றார்.

தண்டனையோடு ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அடுத்த சின்ன அடியையும் தவறவிட்டுத் தோற்றார். சொன்னபடி எழுதியும் தந்தார். நடுவரின் அறிக்கையை இணைத்து நானே கொழும்பிலுள்ள கோல்ப் சங்கத்துக்கு அனுப்பினேன். என் கண்ணில் மணல் விழுந்ததை மட்டும் அதில் எழுதவில்லை.

வென்றவர் நுவரெலியா போய் வந்தார். பிறகு பாதையை மூடிவிட்டார்கள். நண்பர் என்னோடு பழையபடி சிரித்துத்தான் கதைத்தார். மகளைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

இன்றும் யாராவது என்னிடம் விதி கேட்டால், வாயைத் திறக்குமுன் கை தானாகக் கண்ணைக் கசக்குகிறது. கொழும்பிலிருந்து வந்த பதிலில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: நடுவர் தம் கண்ணால் கண்டாரா? அது வந்து சேர்ந்தது, கச்சான் முற்றாக ஓய்ந்து, மாரியின் முதல் மழை பெய்த அன்று.