மேலெழுது

பிள்ளைகளே, எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் போன கோடையில் நானும் என் மகளும் சேர்ந்து ஒரு புரோகிராம் செய்தோம்! கம்ப்யூட்டர் திரையில் குட்டிக் குட்டிப் பெட்டிகள் இருக்கும். ஒன்றை இழுத்து வைத்து அடுத்ததோடு கோடு போட்டு இணைக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயை இணைக்கிற மாதிரிதான். அதனால் எனக்கும் பிடிபட்டுவிட்டது.

சுருளிப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். கொடியடியில் ஈரம் அளக்கிற ஒரு கம்பியைக் குத்தி, மோட்டார் ரூமில் இருந்த கம்ப்யூட்டரோடு இணைத்தோம். மண்ணின் ஈரம் நம்பராகத் திரையில் வந்தது! ஈரம் கூடினால் நம்பரும் கூடும். ஆனால் அடுத்த நம்பர் வந்ததும் முந்தினது காணாமல் போகும்.

தண்ணீர் விடுவது என் மனைவியின் பொறுப்பு. பழம் கனிகிற நேரத்தில் நீர் மிஞ்சினால் தோல் வெடித்துவிடும். அவள் கம்பியை முறைத்தாள்.

"நாம இல்லாதப்ப இது என்ன சொல்லுச்சுன்னு யாருக்குத் தெரியும்? காலையில காட்டுங்க. இல்லாட்டி பிடுங்கிப்பிடுவேன். நடந்தா காலை இடறுது."

மகள் முகம் வாடிவிட்டது. "அப்பா, ஃபைல்ல எழுதி வச்சா?"

பெட்டிகளைத் துழாவினோம். ஃபைலில் எழுதுகிற பெட்டியும் இருந்தது! திறந்தால், 'மேலெழுது', 'பின்சேர்' என்று இரண்டில் ஒன்றைக் கேட்டது.

"மேலெழுதுதான் ஆத்தா. மேல மேல எழுதிக்கிட்டே போகும்" என்றேன்.

விடிந்ததும் மூவரும் மோட்டார் ரூமுக்கு ஓடினோம். ஃபைலில் ஒரே ஒரு வரி.

மனைவி சிரித்தாள். "விடிய விடிய முழிச்சிருந்து இம்புட்டுத்தானா? நம்ம வீட்டுச் சேவல்கூட இதுக்கு மேல கத்தும்."

மகள் ஃபைலை மூடி மறுபடி திறந்தாள். இப்போதும் ஒரு வரிதான். ஆனால் நம்பர் வேறு!

"அப்பா! முந்துனது மேலயே எழுதுதுப்பா! அழிச்சு அழிச்சு எழுதுது!"

"ஒங்கப்பா சொன்னாகன்னு நம்புன பாரு!" என்றாள் மனைவி. பிறகு மகளின் முகத்தைப் பார்த்து, "சாயங்காலம் வரைக்கும் விடுறேன். அம்புட்டுத்தான்" என்றாள்.

'பின்சேர்' என்று மாற்றிவிட்டு வந்தோம். அன்றைக்கு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் மனைவி வழக்கம்போல மோட்டார் சுவிட்சில் கை வைத்தாள். மகள் ஃபைலைத் திறந்தாள். வரிக்குக் கீழே வரி, அதற்கும் கீழே வரி! தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நான் மாட்டுக்காரன் மாதிரி, "ஏய்! ஏய்!" என்று கத்திவிட்டேன்.

"அம்மா, காலையில நீ தண்ணி விட்டதும் ஏறுது பாரு. உச்சிவெயில்ல கொஞ்சம் இறங்குது. அப்புறம் இறங்கவே இல்ல!"

மனைவி சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். கொடியடியில் குத்தவைத்து உட்கார்ந்து, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள்.

"உள்ள ஈரமாத்தான்டி இருக்கு."

அன்று சாயங்காலம் மோட்டார் ஓடவில்லை. அவள் கம்பியை ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

"இங்கன வச்சா மிதிபடும். அங்கன, பந்தல் கல்லுக்கால் ஓரமா இருக்க கொடியில குத்து" என்று மகள் கையில் கொடுத்தாள். "மேற்குக் கோடிக்கும் ஒண்ணு செய்யணும். ஒங்கப்பாவ மட்டும் எதையும் அமுக்க விடாத."