ஓரம் இல்லாத துண்டு

அந்தத் துண்டு கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. ஃபார்மலின் பாட்டிலின் அடியில் பழுப்பாகக் கிடந்தது. தொடைச் சதைக்குள் வளர்ந்திருந்த கட்டியின் நடுவிலிருந்து எடுத்தது என்று சர்ஜன் எழுதியிருந்தார். ஆள் இருபத்திரண்டு வயது இளைஞன், பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடுமேன். கடைசி வரியில், 'அடி எதுவும் படவில்லை.'

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த ஒரு சின்ன மருத்துவமனையில் நான் நோயியல் மருத்துவராக இருந்தேன். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வது என் வேலை. பெரும்பாலும் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். கரண்ட் சரியாக வராத ஊர் என்பதால், மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்ப்பேன்.

அன்று காலை வெயில் நன்றாகவே இருந்தது. ஸ்லைடில் செல்கள் தாறுமாறாகப் பெருகிக்கொண்டிருந்தன. பார்த்த இடமெல்லாம் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. நடுநடுவே எலும்பு அரைகுறையாக உருவாகத் தொடங்கியிருந்தது. எலும்பை உண்டாக்கும் புற்றுநோய்க்குப் பாடப்புத்தகத்தில் என்ன படம் போட்டிருக்குமோ அதுவேதான்.

மத்தியானம் சர்ஜன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல கைக்காரர்.

"நான் நெனச்சதுதானேம்மா?"

"பார்க்க அப்படித்தான் இருக்கு சார்."

"அப்ப இடுப்போட காலை எடுத்துடணும். தள்ளிப்போட்டா நுரையீரலுக்குப் போயிரும். ரிப்போர்ட்டைக் கொடுத்துடு. திங்கக்கெழம பண்ணிடுறேன்."

பேனாவை எடுத்தேன். மூடியைத் திறந்தேன், மூடினேன். எழுத வரவில்லை. மறுபடியும் ஸ்லைடைப் பார்த்தேன். செல்கள் வேகமாகப் பெருகின, சரி. ஆனால் கோரமாக இல்லை. ஒன்றுக்கு ஒன்று ஏறக்குறைய ஒரே ஜாடையாக இருந்தன. பலமாக அடிபட்ட சதை ஆறும்போது சில சமயம் அதற்குள்ளேயே எலும்பு வளரும் என்று படித்திருக்கிறேன். ஆபத்தே இல்லாத கட்டி அது, தானாகவே அடங்கிவிடும். அதன் நடுப்பகுதியை மட்டும் பார்த்தால் அசல் புற்றுநோய் போலவே ஏமாற்றும். வித்தியாசம் ஓரத்தில்தான் இருக்கும். ஆபத்தில்லாத கட்டி என்றால் நடுவில் கலவரமும் ஓரத்தில் முற்றிய, அமைதியான எலும்பும் இருக்கும். புற்றுநோய் என்றால் ஓரத்திலும் அதே கலவரம்தான். என் கையில் இருந்த துண்டிலோ ஓரமே இல்லை.

எழுந்து வராந்தாவில் நடந்தேன். திரும்பி வந்து பார்த்தேன். மறுபடியும் நடந்தேன். ஆயாம்மா வைத்துவிட்டுப்போன டீயில் ஆடை படிந்துவிட்டது. என் சந்தேகம் அறிவா, கையெழுத்துப் போடப் பயமா என்று எனக்கே பிடிபடவில்லை. கடைசியில் வார்டுக்குப் போனேன்.

கட்டிலில் ஒல்லியாக, நரம்பு புடைத்த கைகளோடு படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது.

"தொடையில அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லீங்க டாக்டரம்மா. பெரிய டாக்டரும் கேட்டாருங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லாரியில ஏறி இறங்குறப்ப, பெட்டி தூக்குறப்ப..."

அவன் சிரித்துவிட்டான். "அதெல்லாம் ஒரு அடிங்களா? பொட்டி மேல உழாத நாளு ஏதுங்க? உழுந்து எலும்பு ஒடஞ்சாத்தானுங்க நாங்க அடின்னு சொல்லுவோம்."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "தை மாசக் கடசீல நொண்டிக்கிட்டு வூட்டுக்கு வரல நீ? தக்காளிப் பொட்டி முனை குத்திடுச்சுன்னு? தொட நீலம் பாஞ்சு கெடந்துச்சுங்க. நாந்தானுங்க ஒத்தடம் குடுத்தேன்."

"எந்தக் கால்?"

அவள் கட்டி இருந்த தொடையைக் காட்டினாள்.

வலியைப் பற்றிக் கேட்டேன். முதலில் உயிர் போகிற மாதிரி இருந்ததாம், இப்போது எவ்வளவோ தேவலையாம். புற்றுநோயின் வலி அப்படிக் குறைவதில்லை. நேராக சர்ஜனிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருக்கலாம் சார். ரெண்டு வாரம் கொடுங்க. நான் சொல்றது சரின்னா அதுக்குள்ள எக்ஸ்ரேயில கட்டியச் சுத்தி எலும்பு வளையம் தெரியும்."

"ரெண்டு வாரம். அதுக்கு மேல ஒரு நாளும் கெடையாது." சற்று நிறுத்தி, "அந்தப் பையன் செத்தா நாம ரெண்டு பேரும்தாம்மா சுமக்கணும்," என்றார்.

இதைச் சொல்லலாம் என்று மறுநாள் காலை வார்டுக்குப் போனால் கட்டில் காலி. காலை வெட்டப் போகிறார்கள் என்பது யார் மூலமோ காதில் விழுந்து, இருவரும் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார்கள் என்றார் சிஸ்டர்.

தானாகத் திரும்பி வருவார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வேறு எந்த ஸ்லைடிலும் மனம் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் கண் தானாக நொண்டி நடப்பவர்களைத் தேடியது. நான் நினைத்தது தப்பாக இருந்தால், கழிகிற ஒவ்வொரு நாளும் அவன் உயிரிலிருந்து கழிகிறது. அதற்குமேல் தாங்காமல், கேஸ் ஷீட்டில் அவன் கொடுத்திருந்த விலாசத்தைப் பார்த்து, கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறினேன்.

ஊருக்கு வெளியே, மாதா கோயிலைத் தாண்டி ஓட்டு வீடு. அவன் தொடையில் பச்சிலைக் கட்டுப் போட்டுக்கொண்டு பாயில் கிடந்தான். நாட்டு வைத்தியர் ஒருவர் எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடுகிறாராம். அப்படி உருவினால் எந்தக் கட்டியாக இருந்தாலும் கெடுதல்தான். என்னைப் பார்த்ததும் மனைவி வாசலை மறைத்து நின்றாள்.

"கால வெட்டத்தான கூட்டிட்டுப் போக வந்தீங்க?"

"இல்லம்மா. அது கேன்சரா, சும்மா கட்டியான்னு எனக்கு இன்னும் தெரியல."

"தெரியாமயா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"தெரியாததாலதாம்மா வந்தேன். ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏந்திரி," என்றாள் அவனிடம். "படம் புடிக்கத்தானாம். கத்திய எடுத்தாங்கன்னா நானே ஒன்னத் தூக்கிட்டு வந்துடறேன்."

எக்ஸ்ரே ஃபிலிமை ஈரத்தோடு ஜன்னலுக்கு எதிரே பிடித்தார் சர்ஜன். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அவன் முதலில் வந்து சேர்ந்தபோது எடுத்த படத்தில் வெறும் புகைபோல இருந்த இடத்தில், இப்போது முட்டை ஓடு மாதிரி மெல்லிய வெள்ளை வளையம். நடுவில் ஒன்றுமில்லை. ஓரம்தான் முற்றியிருந்தது. தொடை எலும்போடு ஒட்டாமல் தனியாக நின்றது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஃபிலிமைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்த்தார். "அடுத்த மாசமும் ஒரு படம் எடுப்போம்," என்றார் கடைசியில். "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."

எனக்கும்தான். அடுத்த மாதப் படத்தில் வளையம் தடித்திருந்தது. அதற்கடுத்த படத்தில் கட்டி சுருங்கியிருந்தது. அதன்பிறகுதான் அவனுடைய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். அந்த சர்ஜன் அதற்குப்பின் எனக்கு எலும்புத் துண்டு அனுப்பினால் எக்ஸ்ரேயையும் சேர்த்தே அனுப்பினார். ஓரத்திலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்திருப்பார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அந்த இளைஞன் என் அறைக்கே வந்துவிட்டான். நன்றி சொல்ல வந்தவனாகத் தெரியவில்லை. முழங்கால் முழுசாக மடங்குவதில்லையாம், லாரியில் தாவி ஏற முடியவில்லையாம், மண்டியில் எல்லாரும் கேலி செய்கிறார்களாம்.

"சும்மாக் கட்டின்னு சொல்றீங்களே, அப்புறம் எதுக்குங்க மொதல்ல அறுத்துத் துண்டெடுத்தீங்க? அறுத்ததாலதாங்க இப்படி ஆயிடுச்சு."

அறுத்ததால் இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவன் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். இடையில் தடுக்காமல் கேட்டுக்கொண்டேயிருந்தேன்.